மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது மேலகரம். அருவியில் நீராடும் ஆவலோடு விரைபவர்கள் அவ்வூரின் பெயரைக் கவனியாமலே கடந்துவிடுவதுண்டு. ஆயினும் தமிழிசையில் ஈடுபாடு உடையோர் அங்கே சிறிது நேரம் நின்று செல்லக் கடமைப்பட்டவர்கள். 'திருக்குற்றாலக் குறவஞ்சி' பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மண் அது.

சாரல் பருவத்தின் ஒரு மாலையில், அப்பகுதியைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்றில் பாடகர் குழுவின் பயிற்சியைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பயிற்சி முடிந்தபின் கல்லூரி மாணவர் ஒருவர் தம் கித்தாரை எடுத்தார். 'புளூஸ்' என்னும் அமெரிக்க இசையில் தமக்கு மிகுந்த நாட்டம் என்றார். விரல்கள் பறந்தன. சுரங்கள் மேலே ஏறின, கீழே இறங்கின, மீண்டும் ஏறின. இளைஞர்கள் கைதட்டினர். தூணோரம் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த உபதேசியார் மட்டும் கைதட்டவில்லை.

"தம்பி, இப்ப வாசிச்சியே, அதைக் கொஞ்சம் வாயால பாடிக் காட்டு, பாப்பம்" என்றார் அவர்.

"இதை எப்படித் தாத்தா பாட முடியும்? இது கித்தார்ல வாசிக்கிறது."

"பாட முடியலேன்னா, அப்புறம் அது பாட்டு எப்படி ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டார்.

அந்த மாணவரின் முகம் வாடியதைக் கண்டோம். "மூணு வருசமாப் பழகுறேன். வேகம் வந்திருச்சு. பாட்டுதான் வரலை" என்று பின்னர் நம்மிடம் தனியே சொன்னார். அவர் சொன்னதில் ஒரு கலைஞனின் உண்மையான துயரம் இருந்தது. கருவி எப்போது பாடத் தொடங்குகிறது? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டபோது, உலகின் இரு மூலைகளில் நிகழ்ந்த இரு வரலாறுகள் நம் கண்முன் வந்து நின்றன. ஒன்று மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. மற்றொன்று நம் பொருநைக் கரையில் நிகழ்ந்தது.

பறிக்கப்படாத குரல்

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865 ஆம் ஆண்டில். ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலமும் இல்லை, நீதியும் இல்லை. தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அவர்கள் முன்போலவே உழைத்தனர். உடைமை யாவும் பறிக்கப்பட்டவர்களிடம் பறிக்க முடியாத ஒன்று எஞ்சி நின்றது. அது அவர்களின் குரல். வயலில் ஒருவர் நீட்டிக் குரல் கொடுக்க, மற்றவர்கள் மறுகுரல் கொடுத்தனர். ஆலயத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் ஏற்றுப் பாடினர். இந்த இரண்டு ஊற்றுகளிலிருந்தும் பிறந்த தனிமனிதப் புலம்பலே புளூஸ். நம் ஊர்களில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் உள்ளம் அந்நியமாகத் தோன்றாது.

'புளூஸின் தந்தை' என்று பின்னாளில் போற்றப்பட்ட டபிள்யூ. சி. ஹேண்டி, 1903 ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் என்ற சிற்றூர் இரயில் நிலையத்தில் ஓர் இரவு வண்டிக்காகக் காத்திருந்தார். அருகில் கந்தல் உடுத்திய ஒருவர், கித்தாரின் தந்திகள் மீது கத்தியை அழுத்தி வழுக்கியவாறு வாசித்துக்கொண்டே பாடினார். ஒரே அடியை மூன்று முறை பாடினார். ஒவ்வொரு முறையும் அவர் வாய் ஓய்ந்தவுடன் கித்தார் பதில் சொன்னது. அதுபோன்ற இசையைத் தாம் அதற்குமுன் கேட்டதில்லை என்பதை ஹேண்டி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

அந்தக் கத்தியின் பணி இன்னதென்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை நம்மவர் வீணை வழக்கில் 'மெட்டு' என்பர். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குத் தாவும்போது, இடையிலுள்ள ஒலிகள் எல்லாம் விடுபட்டுப் போகின்றன. மனிதக் குரலோ அப்படித் தாவுவதில்லை. அது வழுக்கும், குழையும், நடுங்கும். அந்தப் பெயர் தெரியாத ஏழைக் கலைஞர் மெட்டுகளின் தடையைக் கத்தியால் கடந்து, தம் குரல் செல்லும் வழியிலேயே தந்தியையும் அழைத்துச் சென்றார்.

இவ்வழியில் வந்தவர்களுள் தலைசிறந்தவர் பி. பி. கிங் (1925–2015). மிசிசிப்பியில் பிறந்தவர், இளமையில் பருத்திக் காட்டில் உழைத்தவர், ஆலயப் பாடல்களில் ஊறியவர். ஆர்ச்சி ஃபேர் என்ற போதகர் வழிபாட்டில் வாசித்த கித்தாரே அச்சிறுவனை ஈர்த்தது. கித்தாரின் முதற்பாடமும் அவரிடமே கிடைத்தது. கிங்கின் உறவினரான புக்கா ஒயிட், குழாயைத் தந்திமீது வழுக்கி வாசிப்பதில் வல்லவர். கிங்குக்கு அந்த உத்தி கைவரவில்லை. ஆகவே இடக்கை விரலை மெட்டின்மேல் அதிரச் செய்தும் தந்தியை ஒருபுறம் இழுத்தும் அதே ஒலியை வருவிக்க முயன்றார். கைவராத ஒன்றை ஈடுசெய்யப் பிறந்த அந்த அசைவே உலகம் அவரை அடையாளம் கண்டுகொள்ளும் முத்திரையாயிற்று. நம் இசை மரபில் இதனைக் கமகம் என்போம்.

கிங் பாடும்போது கித்தார் மௌனமாக இருக்கும், கித்தார் ஒலிக்கும்போது அவர் பாடமாட்டார். 1949 இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் தீப்பற்றியபோது, வெளியே தப்பியவர் தம் கருவியை மீட்க மீண்டும் உள்ளே ஓடினார். அன்றைய சண்டைக்குக் காரணமாயிருந்த பெண்ணின் பெயரையே 'லூசில்' என்று கருவிக்குச் சூட்டினார். அன்றுமுதல் அவர் கித்தார் அவருடன் உரையாடும் ஓர் ஆளாகவே அறியப்பட்டது.

பொருநைக் கரையின் மறுமொழி

இனி நம் மண்ணுக்கு வருவோம். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் இரயில் பாதையில், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே உள்ளது காருகுறிச்சி. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தலைமாணாக்கரான அருணாசலம் (1921–1964) அவ்வூரினர்.

ஆசிரியராகிய இராசரத்தினம் பிள்ளை இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்றவர் என்பது கருதத்தக்கது. உச்ச ஒலி கொண்ட 'திமிரி' நாயனமே பெருவழக்காயிருந்த காலத்தில், நீளமும் ஆழ்ந்த ஒலியும் உடைய 'பாரி' நாயனத்தை அவர் நிலைபெறச் செய்தார். மனிதக் குரலுக்கு அருகே கருவியைக் கொண்டுவந்த செயல் இது. ஆசிரியரின் இந்த வழியிலேயே மாணாக்கரும் நடந்தார்.

1962 இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் காருகுறிச்சியாரின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்த 'சிங்கார வேலனே தேவா' என்ற பாடலை அறியாத தமிழர் அரியர். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த அப்பாடலில் குரல் ஒரு சுரக்கோவையைப் பாடுகிறது. நாகசுரம் அதனைக் கேட்டு, வாங்கி, மறுமொழி தருகிறது. சில இடங்களில் எது குரல், எது குழல் என்று பிரித்தறியச் செவி தடுமாறுகிறது. காருகுறிச்சியார் மறைந்த அதே 1964 ஆம் ஆண்டில், சிகாகோ நகரின் ரீகல் அரங்கில் பி. பி. கிங் வாசித்த நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டு அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவரும் கருவியைக் குரலின் வழியில் நடத்தினர்.

அதே ஐந்து சுரங்கள்

ஒற்றுமை இத்துடன் முடியவில்லை. 'சிங்கார வேலனே' ஆபேரி இராகத்தில் அமைந்தது. ஆபேரியின் ஏறுநிரல் ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களால் ஆனது. காந்தாரம் சாதாரணம், மத்திமம் சுத்தம், நிஷாதம் கைசிகி. இவ்வைந்தும் மேலும் கீழும் அப்படியே வந்தால் அது சுத்த தன்யாசி. புளூஸ் பயிலும் கித்தார் மாணவர் உலகெங்கும் முதலிற் கற்பதும் சரியாக இதே ஐந்து சுர வரிசையைத்தான். ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று இதற்குப் பொருள் இல்லை. ஐஞ்சுர வரிசைகள் பல நாட்டு மக்களிடையே தனித்தனியே வழங்கி வருவன. எனினும், மேலகரத்து மாணவரின் விரல்கள் ஏறி இறங்கிய அந்த ஐந்து சுரங்களும் அவர் பாட்டனார் காதில் நாகசுரமாய் ஒலித்தவையே.

அப்படியானால் அவர் கையில் அது ஏன் பாட்டாகவில்லை? ஆபேரியே விடை தருகிறது. ஐந்து சுரங்களால் ஏறிய ஆபேரி, ஏழு சுரங்களால் இறங்குகிறது. இன்று வழங்கும் முறையில் சதுச்சுருதி தைவதமும் சதுச்சுருதி ரிஷபமும் இறங்குநிரலில் வந்து சேர்கின்றன. ஏறிய படிகளிலேயே இறங்கினால் அது பயிற்சியாக நின்றுவிடும். வேறொரு வழியாய் இறங்கும்போது அதில் ஒரு கதை பிறக்கிறது. புளூஸ் மேதைகளும் இதையே கண்டனர். கிங் தம் தனி வாசிப்பில் ஐந்து சுரங்களோடு நில்லாமல் இந்த ரிஷபத்தையும் தைவதத்தையும் விரும்பிச் சேர்த்தார்.

இதற்கு இசையிலக்கணக் காரணம் ஒன்றும் உண்டு. புளூஸ் பாடல் ஒன்று, நந்நான்கு அட்சரங்கள் கொண்ட பன்னிரண்டு கட்டங்களில் சுழல்கிறது. அடியில் மூன்று 'கார்டு'கள், அதாவது சுரக்கூட்டுகள், மாறி மாறி ஒலிக்கின்றன. முதல் நான்கு கட்டங்களில் ஆதார சட்சத்தின் கூட்டு, ஐந்திலும் ஆறிலும் மத்திமத்தின் கூட்டு, ஏழிலும் எட்டிலும் மீண்டும் சட்சம், ஒன்பதில் பஞ்சமம், பத்தில் மத்திமம், இறுதி இரண்டில் சட்சம் என்பது பொதுவான அமைப்பு. மத்திமக் கூட்டு ம, த, ச என்பவற்றால் ஆனது. பஞ்சமக் கூட்டு ப, நி, ரி என்பவற்றால் ஆனது, அதன் நிஷாதம் காகலி. ஆபேரி இறங்கும்போது புதிதாய் வரும் தைவதமும் ரிஷபமும் இக்கூட்டுகளின் உறுப்புகளாய் இருப்பதைக் காண்கிறோம். கூட்டு மாறும் அந்தக் கணத்தில் தனி வாசிப்பு அதன் சுரம் ஒன்றில் வந்து அமருமானால், கேட்போர் நெஞ்சில் 'வீடு வந்து சேர்ந்தோம்' என்ற நிறைவு பிறக்கிறது. அடியில் நிகழும் மாற்றத்தைச் செவிமடுக்காமல் ஐந்து சுரங்களையே சுற்றிச் சுற்றி வருபவரோ, பிறர் பேச்சைக் கேளாமல் தாமே பேசிக்கொண்டிருப்பவர் போல் ஆகிறார்.

சிங்கனும் சிங்கியும்

கேட்பதும் மறுமொழி சொல்வதுமே இசைக்கோட்டின் உயிர் என்றால், அதற்கு இலக்கணம் தேடி நாம் மிசிசிப்பிக்குச் செல்ல வேண்டியதில்லை. மேலகரத்திலேயே உள்ளது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிராயர் இயற்றிய குறவஞ்சி, இராகமும் தாளமும் அமைந்த பாடல்களால் ஆன நாடகம். மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக வழங்கிய நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றதாக மரபு கூறும். 1944 இல் ருக்மிணி தேவி அதனைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். நெல்லையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியதும் இந்தக் குறவஞ்சி மரபிலேதான்.

அந்நூலின் இறுதிப் பகுதியில், பரிசுகளோடு திரும்பிய சிங்கியைச் சிங்கன் எதிர்கொள்கிறான். அவள் அணிந்திருக்கும் புதிய நகை ஒவ்வொன்றையும் கண்டு, காட்டில் தான் அறிந்த பொருள்களோடு ஒப்பிட்டு ஐயத்தோடு வினவுகிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி விடையளிக்கிறாள். ஓரடியில் வினா, அடுத்த அடியில் விடை. வினா மேல்நோக்கி எழுந்து நிற்கிறது, விடை அதே சந்தத்தில் இறங்கி அமைகிறது. அடுத்த வினாவுக்காக நாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். சந்தம் மாறவில்லை, பொருள் மட்டும் வளர்கிறது.

புளூஸின் பன்னிரண்டு கட்டங்களும் இவ்வாறே பிரிந்துள்ளன. மூன்று அடிகள், அடிக்கு நான்கு கட்டங்கள். பாடுபவர் ஏறத்தாழ இரண்டு கட்டங்களில் தம் அடியை முடித்துவிடுகிறார். எஞ்சிய இரண்டும் கருவியின் மறுமொழிக்கு விடப்பட்ட இடம். முதல் அடியே இரண்டாவதாகவும் வருகிறது, மூன்றாவது அதற்கு முடிவு சொல்கிறது. கித்தாரின் தனி வாசிப்பு அந்த இடைவெளியில்தான் பிறந்தது. பாடகர் விட்டுக்கொடுத்த மூச்சில் பிறந்த ஒன்று, தானும் மூச்சு விட்டே பேச வேண்டும். காருகுறிச்சியார் மூச்சைக் கொண்டே வாசித்தவர் என்பதால் சொற்றொடர் எங்கே முடிய வேண்டும் என்பதை அவர் உடலே அறிந்திருந்தது. தந்திக் கருவி வாசிப்பவருக்கு அத்தகைய கட்டுப்பாடு இயல்பாக இல்லை. விரல் ஓயும்வரை வாசித்துக்கொண்டே போகலாம். அந்த வசதியே அவருக்கு ஆபத்து.

நடுவில் இருக்கும் சுரம்

இன்னும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. புளூஸ் பாடகர் காந்தாரத்தைப் பாடும்போது அது சாதாரண காந்தாரமாகவும் இருப்பதில்லை, அந்தர காந்தாரமாகவும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்று நெஞ்சை அறுக்கிறது. கித்தாரில் அதற்கு மெட்டு இல்லை. சாதாரண காந்தார மெட்டில் விரல் வைத்துத் தந்தியைச் சற்றே இழுத்தால்தான் அது பிறக்கும்.

மெட்டுகளுக்கு நடுவே உள்ள அந்த ஒலிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழர், தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் 1859 ஆம் ஆண்டு பிறந்தார். அவரே ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் மருத்துவராய்ப் புகழ்பெற்ற அவர், 1912 முதல் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1916 இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917 இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு தானத்தில் சுருதிகள் 22 என்ற கருத்தை மறுத்து, சம அளவுள்ள 24 சுருதிகளே தமிழிசையின் அடிப்படை என்று அவர் வாதிட்டார். கித்தாரின் கழுத்தில் ஒரு தானத்துக்கு மெட்டுகள் 12. பண்டிதரின் கணக்குப்படி ஒவ்வொரு இரண்டு மெட்டுகளுக்கும் சரி நடுவே இன்னும் ஒரு சுருதி உறைகிறது. அவர் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மெட்டுகளோடு இசை முடிந்துவிடுவதில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மேலைநாட்டுக் கருவிகளை நம்மவர் தமதாக்கிய வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. பின்னாளில் எட்டயபுரம் அரசவைக் கலைஞரான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) வயலினைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். நம் கலைஞர்கள் தரையில் அமர்ந்து அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றினர். தாங்கும் சுமையிலிருந்து விடுபட்ட இடக்கை, குரலைப் போலத் தந்தியில் வழுக்கிச் செல்ல முடிந்தது. உ. சீனிவாஸ் (1969–2014) மாண்டலினின் இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளை அமைத்து, அதனையும் கமகம் பேச வைத்தார். கருவி அயல்நாட்டினதாக இருக்கலாம். பாடும் தொண்டை வாசிப்பவருடையதாக இருக்க வேண்டும்.

தமிழில் ஓர் அழகு உண்டு. கருவியில் பதித்த கம்பிக்கும் மெட்டு என்றே பெயர், பாடலின் இசைக்கோலத்துக்கும் மெட்டு என்றே பெயர். முன்னதை மட்டும் கற்றவர் விரைவாக ஓடுவார். பின்னதை அடைய வேண்டுமானால் பாட வேண்டும், கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும்.

நம் ஆலயங்களில்

1963 ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கப் பணித்தது. வழிபாட்டுக்கு ஏற்ற பிற இசைக்கருவிகளுக்கும் வழி திறந்தது. அதன் பயனாக நம் ஆலயங்களில் கித்தாரும் மின்விசைப் பலகையும் இடம்பெற்றன. அவற்றை வாசிக்கும் இளைஞர்களை நாம் இரு வழிகளில் புண்படுத்துகிறோம். சிலர் அக்கருவியையே 'நம்முடையதல்ல' என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் வேகத்தை மட்டுமே மெச்சி, அவர்கள் தேடலை அந்த இடத்திலேயே முடித்துவிடுகின்றனர். பருத்திக் காட்டு மக்கள் தம் குரலைக் கருவியில் ஏற்றி மானத்தை மீட்டுக்கொண்டது போல், நம் பிள்ளைகளும் தாம் கேட்டு வளர்ந்த ஒலிகளை அதில் ஏற்றலாம் என்று சொல்ல ஆளில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் நாகசுரமும் தவக்காலப் பாடலும் அவர்கள் காதில் இருக்கின்றன. அவற்றை வாசலில் விட்டுவிட்டுத்தான் கித்தாரைத் தொட வேண்டும் என்ற எண்ணமே அவர்கள் விரல்களைப் பாட்டிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

அந்த மாணவரிடம் நாம் சொன்னது சிறிதே. 'சிங்கார வேலனே' பாடலில் ஒரே ஒரு சுரக்கோவையை வாயால் பாடுங்கள், பின்னர் அதைத் தந்தியில் தேடுங்கள், ஐந்தாறு சுரங்களுக்குமேல் வேண்டாம், முடிந்தவுடன் ஒரு மூச்சு நேரம் சும்மா இருங்கள் என்றோம்.

இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. பயிற்சிக்குப் பின் அவர் வாசித்தார். மிகச் சில சுரங்கள்தாம். காந்தாரத்தில் தந்தியை இழுத்து, மத்திமம் தொட்டு, தைவதம் வழியாக இறங்கி நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை. கூரையில் சாரல் விழும் ஓசை மட்டும் கேட்டது. உபதேசியார் தூணோரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ம்… சொல்லு தம்பி. அப்புறம்?" என்றார்.